சத்தம் டயரிலா, பெயாரிங்கிலா?

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

மாரி தொடங்குமுன் டயர் மாற்ற நினைப்பவர்களின் கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாமே செடான் கார்கள் பற்றியவை.

கேள்வி: என்னுடையது கொரொல்லா 141. டயர் 195/65 ஆர் 15. மாதம் இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வருகிறேன். ஆறு மாதமாக 60க்கு மேல் போனால் உள்ளே 'ஊ' என்று ஒரே இரைச்சல். ஹபரணை வருமுன்னே தலை இடிக்கிறது. பின்சீற்றில் இருக்கும் அம்மாவோடு கதைக்க முடிவதில்லை. டயர் அவ்வளவாகத் தேயவும் இல்லை. சத்தம் குறைந்த, மெத்தென்று ஓடுகிற டயர் எது?
— நிலாவெளி வாசகர்

பதில்: டயரை மாற்றினால் சத்தம் போகும் என்பது உறுதியான பிறகு காசை எடுங்கள். வேகத்தோடு ஏறும் 'ஊ' சத்தம் டயரிலிருந்தும் வரும், சில்லுப் பெயாரிங்கிலிருந்தும் வரும். முதலில் றோட்டை வைத்துப் பாருங்கள். நல்ல காபட்டில் சத்தம் அடங்கி, சல்லி வெளியே தெரியும் பழைய தாரில் ஏறியதும் கூடினால் அது டயர். றோட்டு எதுவானாலும் ஒரே மாதிரி இருந்தால் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது, முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரான இடத்தில் 60 அளவில் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் கொஞ்சம் அசையுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சில்லுகளில் இறங்கும். அப்போது சத்தம் ஏறி, மற்றப் பக்கம் திருப்பும்போது தணிந்தால் கோளாறு பெரும்பாலும் இடப்பக்கப் பெயாரிங்கில். பிறகு காரை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டும் வைத்து, ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கில் பிடித்துக்கொண்டு மறுகையால் சில்லைச் சுழற்றுங்கள். கெட்ட பெயாரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்குமுன் கைக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் டயர்தான் என்று தோன்றுகிறது. 'தேயவில்லை' என்று நீங்கள் சொல்வது தவாளிப்பின், அதாவது டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழத்தை. சத்தத்தை உண்டாக்குவது தேய்ந்திருக்கும் வடிவம். பின் டயரின் ஓரத்து இறப்பர்க் கட்டிகளின் மேல் உள்ளங்கையை வைத்து, டயர் சுற்றும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் அரிவாளின் பல்போல் விரலில் இடறவும் செய்தால், ஒவ்வொரு கட்டியும் ஒரு முனையில் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பற்கள் வரிசையாகத் தாரைத் தட்டுகின்றன. நீங்கள் கேட்பது அதைத்தான். முன்சில்லு இழுக்கும் கார்களில் பின் டயர்களை இடம் மாற்றாமல் 20,000, 30,000 கி.மீ. ஓட்டினால் இது வரும். 141இன் பின்பக்கம் ஒரே உத்திர அச்சு. அங்கே அலைன்மன்டில் திருப்பிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் டயர்களை அதே பக்கம் பின்னுக்கும், பின் டயர்களைப் பக்கம் மாற்றி முன்னுக்கும் கொண்டுவருவதுதான் வழி.

பற்களுக்குப் பதிலாக டயரைச் சுற்றிப் பள்ளம் பள்ளமாக, கிண்ணம் வைத்து அழுத்தியதுபோல் இருந்தால் ஷொக் அப்சோபர் போய்விட்டது. அதை மாற்றாமல் எந்த நாட்டு டயரைப் போட்டாலும் சில ஆயிரம் கிலோமீற்றரில் பழைய சத்தம் திரும்பி வரும். முன் டயரில் குறுக்கே, உள்ளிருந்து வெளியே தடவும்போது மட்டும் இடறினால் முன் அலைன்மன்ட் பிழை.

இனி டயர். அளவை மாற்ற வேண்டாம். பாரச் சுட்டெண் 91 என்று பாருங்கள்; அது ஒரு டயருக்கு 615 கிலோ. இதே அளவில் 95 என்ற எண்ணுடன் 'எக்ஸ்.எல்.' டயரும் வரும். 'இது ஸ்ட்ரோங்' என்று கடையில் எடுத்துத் தருவார்கள். 690 கிலோ தாங்க அதன் உடல் இறுக்கமாகச் செய்யப்பட்டிருக்கிறது. அந்த இறுக்கம் அம்மாவின் முதுகுக்குத்தான் தெரியும். அளவின் பின்னால் 'சி' என்ற எழுத்துள்ளவை வான்களுக்கும் சிறு லொறிகளுக்கும் உரியவை. மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

தவாளிப்பைக் கண்ணால் பார்த்தே கொஞ்சம் கணிக்கலாம். நடுவில் முறியாமல் ஓடும் மூன்று நான்கு பட்டைகள், ஓரத்தில் மெல்லிய வெட்டுகள், கட்டிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லாமல் சிறிதும் பெரிதுமாக மாறி மாறி இருப்பது: இவை அமைதியான டயரின் அடையாளங்கள். கட்டிகள் ஒரே நீளமாக இருந்தால் எல்லாம் ஒரே சுருதியில் தட்டி 'ஊ' என்று பாடும். நீளம் மாறினால் சத்தம் சிதறி வெறும் காற்றுச் சத்தமாகிவிடும். ஓரம் வரை அகலமான குறுக்கு வெட்டுள்ள டயரில் காற்று அகப்பட்டு வெடித்து வெளியேறும், அது சத்தம்தான்.

பெயர் சொல்லிக் கேட்பதானால், அமைதிக்காகவே செய்யப்பட்டவை யோக்கோஹாமாவின் அட்வான் டிபி, பிரிஜ்ஸ்டோனின் ரெக்னோ, டன்லப்பின் வியூரோ. கொண்டினென்டலின் கம்ஃபர்ட் கொண்டக்டும் சொகுசை முன்வைத்த வரிசை. அவற்றுக்கு அடுத்து, அமைதியும் மழைப்பிடியும் சேர்ந்த மிச்லின் பிரைமசி, பிரிஜ்ஸ்டோன் டூரான்சா. இதே கம்பனிகளின் ஈகோப்பியா, புளூஎர்த் போன்றவற்றில் முதல் நோக்கம் எரிபொருள் சிக்கனம். கெட்டவை அல்ல, ஆனால் நீங்கள் தேடுவது வேறு. எங்கள் நாட்டிலேயே களனியில் செய்யப்படும் சியற் டயரும் இருக்கிறது. விலை உயர்ந்த நான்கில் இரண்டை மட்டும் வாங்கி, மற்ற இரண்டை எதையோ போட்டு ஒப்பேற்றுவதைவிட, நடுத்தர விலையில் ஒரே மாதிரி நான்கு வாங்குவது நல்லது.

பக்கச் சுவரில் 'ட்ரெட்வெயார்' என்று ஓர் எண் இருந்தால் பாருங்கள். எண் கூடக்கூட டயர் நெடுநாள் ஓடும் என்று கம்பனி சொல்கிறது. நீண்ட ஆயுளும் மெத்தென்ற ஓட்டமும் ஒன்றாகக் கிடைப்பது குறைவு. 500க்கு மேல் எண்ணைத் தேடிப்போய் வாங்கிவிட்டுப் பிறகு சத்தம் என்று குறைப்பட முடியாது.

ஐரோப்பிய லேபல் ஒட்டியிருந்தால் அதில் டெசிபல் எண் இருக்கும். அது றோட்டோரத்தில் நிற்பவருக்குக் கேட்கும் சத்தம். கார் உள்ளே கேட்பது அல்ல. இரண்டு டயரில் 68, 72 என்று இருந்தால் 68ஐ எடுப்பதில் பிழையில்லை. 70க்கும் 71க்கும் இடையில் மனதைக் குழப்ப வேண்டாம்.

ஒன்று மறக்கவேண்டாம்: மட்கார்ட்டின் உட்புறப் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா, கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று டயரைக் கழற்றிய நேரத்திலேயே பாருங்கள். ரீகண்டிஷன் கார்களில் கராஜில் கழற்றியது திரும்பப் பூட்டப்படாமலே போயிருக்கும். சில்லுக்கும் உங்கள் காலுக்கும் இடையில் வெறும் தகரம்தான் என்றால் அட்வான் டிபியும் என்ன செய்யும்?

கேள்வி: 'புத்தம் புதுசு' என்று தந்த டயரில் 1422 என்று அடித்திருக்கிறது. பழையதா?
— பாலையூற்று வாசகர்

பதில்: டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம்: 2022ஆம் ஆண்டின் 14ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கம். ஓடாத டயர்தான், ஆனால் புதியது அல்ல. நிழலில் அடுக்கிவைத்த டயர் ஓரிரண்டு வருடத்தில் கெட்டுவிடாது. கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருந்தால் கதை வேறு. இறப்பர் இறுக இறுகச் சத்தமும் கூடும், மழைப்பிடியும் குறையும். இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதை முழு விலைக்கு வாங்காதீர்கள். இந்த நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். ஆகவே பூட்டுமுன் பாருங்கள், பூட்டியபின் காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வரும்.

கேள்வி: என் 15 அங்குல இரும்பு றிம்மை எடுத்துவிட்டு 16 அங்குல அலோயும் 205/55 டயரும் போட்டால் ஓட்டம் சொகுசாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போது இருப்பது 195/65.
— உவர்மலை வாசகர்

பதில்: அழகாகும். சொகுசாகாது. கணக்கைப் பாருங்கள். 195இல் 65 வீதம் 126.75 மி.மீ.; 205இல் 55 வீதம் 112.75 மி.மீ. றிம்முக்கும் றோட்டுக்கும் இடையில் மெத்தையாக நிற்கும் பக்கச் சுவரில் 14 மி.மீ. போய்விடுகிறது. வெளிவிட்டம் 634 மி.மீ.க்கும் 632 மி.மீ.க்கும் இடையில்தான், ஆகவே வேகமானி சரியாகவே காட்டும். அந்த வகையில் பிழையில்லாத மாற்றம். ஆனால் டயர் அகலமாக ஆகத் தாரில் படும் அகலமும் சத்தமும் கூடும். குழியில் விழுந்தால் றிம் வளையும் வாய்ப்பும் கூடும். மனம் கேட்காது என்றால், 16இல் அமைதிக்கென்று செய்த டயரையே போடுங்கள். அலோயின் நடு ஓட்டை உங்கள் காரின் ஹப்புக்குப் பெரிதாக இருந்தால் இடைவளையம் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சில்லு நடுவில் உட்காராமல் 80, 90இல் நடுங்கும்.

கேள்வி: பெற்றோல் செட்டில் டயருக்கு எப்போதும் 40 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறார்கள். 'வெயிலுக்கு நல்லது' என்கிறார்கள். நைதரசன் போட்டால் கார் மெத்தென்று ஓடுமா?
— உப்புவெளி வாசகி

பதில்: டயரே மாற்றாமல் சொகுசு வேண்டுமென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில், காருக்குரிய காற்றமுக்கம் எழுதிய ஓர் ஒட்டு இருக்கும். பெரும்பாலான செடான்களில் 220 முதல் 240 கிலோபாஸ்கல், அதாவது பி.எஸ்.ஐ.யில் 32 முதல் 35. டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் 44, 51 என்பது அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் காருக்குரியது அல்ல.

40 அடித்த டயர் பந்துபோல் நடுவில் வீங்கி நிற்கும். நடுப்பகுதி சீக்கிரம் தேயும், மழையில் தாரைப் பிடிக்கும் பரப்புக் குறையும், சிறு கல்லும் ஸ்டியரிங்கில் தட்டும்.

கச்சான் காற்றுக் காலத்து நடுப்பகலில் காற்றைப் பார்க்காதீர்கள். காலையில், கார் ஆகக் குறைந்தது மூன்று மணித்தியாலம் நின்ற பிறகு பாருங்கள். சூடு 5, 6 பாகை செல்சியஸ் கூடினால் அமுக்கம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. ஏறும். கந்தளாய் வரை ஓடியபின் 33 இருந்த டயரில் 37 காட்டுவது இயல்பு. அப்போது காற்றை இறக்கினால் மறுநாள் காலை 29இல் நிற்கும். அப்படிக் காற்றுக் குறைந்த டயர் உள்ளே சூடேறி, ஓரம் தேய்ந்து, நீண்ட ஓட்டத்தில் வெடிக்கவும் கூடும்.

நைதரசன்: சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். மெதுவாகக் கசியும், ஈரம் இல்லை, இவ்வளவுதான் பலன். மெத்தென்று ஓடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல அமுக்கமானி வாங்கி காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது இரண்டுக்குத்தான் கையில் காசு. முன்சில்லு இழுக்கிற கார். முன்னுக்குத்தானே போட வேண்டும்?
— கிண்ணியா வாசகர்

பதில்: பின்னுக்கு. கேட்பவர் எல்லோரும் நம்ப மறுக்கிற பதில் இது. முன் டயர் தண்ணீரில் மிதந்தால் கார் நேரே வழுக்கும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பும். பின் டயர் மிதந்தால் பின்பக்கம் சுழன்று முன்னே வந்துவிடும். அதைத் திருத்த நமக்கு நேரமிராது. மூதூர்ப் பக்கம் மாரியில் றோட்டுக்கு மேலே தண்ணீர் நிற்கும்போது இதுதான் பிரச்சினை. ஆகவே நல்ல ஜோடி பின்னுக்கு, இருப்பதில் பரவாயில்லாதது முன்னுக்கு. அந்த 'பரவாயில்லாதது' 3 மி.மீ.க்கு மேல் ஆழம் உள்ளதாக இருக்க வேண்டும். தவாளிப்பின் அடியில் குறுக்காக நிற்கும் சிறு மேடு 1.6 மி.மீ.; அதுவரை தேய விட்டுவிட்டு மாரிக்குள் போகாதீர்கள்.

கேள்வி: நான்கு புது டயரும் போட்டேன். 85க்கு மேல் ஸ்டியரிங் நடுங்குகிறது. கடையில் 'ஓட ஓடச் சரிவரும்' என்கிறார்கள். முன்பு இப்படி இல்லை.
— சீனக்குடா வாசகர்

பதில்: ஓட ஓடச் சரிவருவது ஒன்று உண்டு: புது டயரின் மேலிருக்கும் அச்சு எண்ணெய்ப் பசை. முதல் 200, 300 கி.மீ. கொஞ்சம் வழுக்கலாக இருக்கும், அது தேய்ந்து போகும். நடுக்கம் தானாகப் போகாது.

திரும்பக் கொண்டுபோங்கள். பலன்சிங் மெஷினில் ஏற்றுமுன் பழைய ஈயக் கட்டிகள் அத்தனையும் கழற்றப்பட்டனவா, றிம்மின் உட்புறத்தில் காய்ந்த சேறு சுரண்டப்பட்டதா என்று நின்று பாருங்கள். சேற்றோடு பலன்ஸ் செய்தால், அது ஒரு மழையில் கழுவுப்பட்டதும் கணக்குப் பிழைத்துவிடும். சரிபார்த்த சில்லை மெஷினிலிருந்து தளர்த்தி, அரைவட்டம் திருப்பி மறுபடி பூட்டிச் சுற்றச் சொல்லுங்கள். இப்போதும் பூச்சியம் காட்டினால்தான் உண்மையான பூச்சியம். வேறு எண் வந்தால் சில்லு மெஷினின் நடுவில் உட்காரவில்லை. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது பாரம் குறைந்த இடம். வால்வுக்கு நேரே வைத்தால் ஈயம் குறைவாகப் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் நடுங்கினால் சில்லைச் சுழற்றிவிட்டு ஒரு பேனையைத் தவாளிப்பின் அருகில் அசையாமல் பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் டயரோ றிம்மோ வட்டமில்லை. டயர் என்றால் மாற்றித்தரக் கேட்பது உங்கள் உரிமை.

நட் இறுக்குவதையும் பாருங்கள். காற்றுத் துவக்கால் 'டர்ர்' என்று ஒரே மூச்சில் இறுக்கினால் பிரேக் டிஸ்க் கோணலாகி, பிறகு பிரேக் பிடிக்கும்போது நடுங்கும். கையால் நட்சத்திர வரிசையில் இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் சாவி. டொயோட்டா கொரொல்லாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவின் செடான்களுக்கு 108. 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை திரும்பப் பாருங்கள். பக்கச் சுவரில் 'அவுட்சைட்' என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். அம்புக்குறி இருந்தால் முன்னோக்கி உருளும் திசை. அவசரத்தில் மாறிப்போவது அபூர்வமல்ல.

கேள்வி: ஜப்பானில் பாவித்த டயர், ரீபில்ட் டயர் – செடானுக்கு எடுக்கலாமா?
— தம்பலகாமம் வாசகர்

பதில்: ரீபில்ட் (பழைய டயரின் மேல் புது இறப்பர் ஒட்டியது) வேண்டாம், சத்தமும் நடுக்கமும் வரக்கூடும். பாவித்தது வாங்கியே ஆகவேண்டுமென்றால் திகதியையும், உட்புறத்தை விரலால் தடவி ஒட்டுப்போட்ட இடங்களையும் பாருங்கள். பக்கச் சுவரில் ஒட்டு இருந்தால் கீழே வையுங்கள்.

கேள்வி: என் காரில் ஒரு சில்லு மட்டும் வாரத்துக்கு 5, 6 பி.எஸ்.ஐ. இறங்குகிறது. ஆணி இல்லை. மூன்று தடவை டயரைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தும் ஓட்டை இல்லை என்கிறார்கள். வீடு கடற்கரையில்.
— குச்சவெளி வாசகர்

பதில்: விடை உங்கள் கடைசி வசனத்தில் இருக்கிறது. உப்புக்காற்றில் இரும்பு றிம்மின் உதடு துருப்பிடித்துப் பொருக்கு எழும்பும். அலோயில் வெள்ளை மாவுபோல் படியும். டயரின் விளிம்பு றிம்மில் இறுகி உட்கார வேண்டிய அந்த இடத்தில் தலைமயிர் அளவு வழி கிடைத்தால் போதும், காற்று மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கும். ஓட்டையைத் தேடுவோர் டயரின் நடுவைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

சில்லைத் தரையில் படுக்கவைத்து, 40 வரை காற்றடித்து, றிம்மும் டயரும் சேரும் வட்டத்தில் சவர்க்கார நுரையைத் தாராளமாக ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பெரிய குமிழி வராது. கடுகு கடுகாக நுரை கட்டும். மறுபக்கத்தையும், வால்வின் அடியையும் இப்படியே பாருங்கள். வால்வை ஒரு பக்கம் வளைத்தபடி ஊற்றினால் அடியில் வெடிப்பிருந்தால் தெரியும்.

டயரைக் கழற்றி, றிம்மின் உதட்டைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, டயரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் துருத்தூளையும் துடைத்து, விளிம்புக்குரிய கறுப்புப் பசை பூசிப் பூட்ட வேண்டும். வால்வு இறப்பரையும் அதே கையோடு புதிதாகப் போடச் சொல்லுங்கள். டயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அது மாற வேண்டிய சாமான். பூட்டி முடிந்தபின் சரியாகக் காற்றடித்து எண்ணை எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்துக் காலையில் திரும்பப் பாருங்கள். 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் உதட்டில் துரு தின்ற குழி ஆழமாகிவிட்டது. அந்த றிம்மை ஸ்பெயார் இடத்துக்கும் அனுப்பாமல் கழித்துவிடுங்கள்.